கை நனைக்காமல் மூன்று நாள்

திண்டுக்கல்லுக்குப் போய்ப் பட்டினி கிடந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தெருவுக்குத் தெரு பிரியாணி மணக்கிற ஊர் அது. அங்கே இருந்த நான்கு நாளில் இரண்டு மதியம் சோற்றைத் தொடவில்லை, கைப்பையில் கிடந்த உப்பு பிஸ்கட்தான் துணை. ஊரைக் குறை சொல்ல முடியாது. போன இடமெல்லாம் இலையைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்கள். நான்தான் உட்காரவில்லை.

என் வேலைக்குப் பெயர் 'பையர்'. சென்னையில் இருபதுக்கும் மேல் கடைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குப் பொருள் தேர்ந்தெடுத்து, விலை பேசி, வாங்கிக் கொடுப்பவள். இதை என் அம்மாவுக்கு விளக்கும் முயற்சியைப் பல வருடங்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டேன். "கடைக்குச் சாமான் வாங்கறதுக்கு எதுக்குடி எம்.பி.ஏ.?" என்பாள். ஊருக்கே காய் வாங்குகிறவள் வீட்டில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை என்பது என் கணவர் வாரம் ஒரு முறை தவறாமல் சொல்லும் நகைச்சுவை. அவருக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வருகிறது.

பதினாறு வருடத்தில் முக்கால்வாசியைச் சோப்பு, பற்பசை, பிஸ்கட் பிரிவில் கழித்தேன். சோப்பு வாடாது, அழுகாது, மழை பெய்தால் விலை ஏறாது. போன வருடம் என்னைக் காய்கறிக்கு மாற்றினார்கள். இந்த வருடம் புதிதாக வந்த தலைமை அதிகாரி, காயெல்லாம் தோட்டத்திலிருந்து நேரடியாக வர வேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் முருங்கைக்காய். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விவசாயக் குழுவின் சம்மதத்தோடு திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் காய்கறிப் பிரிவை வெளி ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு, என்னைச் செங்குன்றம் கோடவுனுக்கு அனுப்பிவிடுவார்கள். நாற்பத்தேழு வயதில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. அலுப்பில் சில சமயம், போய்த்தான் உட்காருவோமே என்றும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பொருள் விற்பவர் கையால் எதையும் வாங்கக் கூடாது, ஒரு டீயைக்கூட. ஒரு தீபாவளிக்கு வந்த முந்திரி டப்பாவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன சக ஊழியர், பொங்கலுக்கு வேலையில் இல்லை. வருடம் ஒருமுறை ஒரு உறுதிமொழிப் படிவம் வரும். விற்பவர் யாரிடமாவது பரிசோ உணவோ பெற்றீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டு அனுப்ப வேண்டும். பதினாறு வருடமும் நான் மனசாட்சியோடு தொட்ட கட்டம் அது. இந்த வேலையில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தால் அது இது ஒன்றுதான்.

முதல் நாள் விடிந்தும் விடியாமலும் திண்டுக்கல்லில் இறங்கினேன். சென்னையில் எங்கே நிற்கிறோம் என்று தெரிய செல்போனைப் பார்க்க வேண்டும். இங்கே நிமிர்ந்து மலைக்கோட்டையைப் பார்த்தால் போதும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் மேனேஜர், கூட யாரும் வரவில்லையா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் சாவி வந்தது. அறைக்குள் நுழைந்ததும் செல்போனில் ஒரு செய்தி. உறுதிமொழிப் படிவம், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

பதினொரு மணிக்கே பிரியாணிக் கடையில் உட்கார இடமில்லை. சென்னையில் நாங்கள் சாப்பிடும் பிரியாணியில் அரிசி நீளமாக, ஒன்றோடு ஒன்று பேசாமல் கிடக்கும். இங்கே சீரகச் சம்பா, பொடி அரிசி. மசாலாவைக் குடித்துவிட்டு அடக்கமாக இருந்தது. பரிமாறிய பெரியவர் இலைக்கு மேலே குனிந்து, "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்றார். தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. என் காசில், யாருக்கும் கடன்படாமல் சாப்பிட்டதால் அந்தச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியது.

மூன்றரை நாளுக்கு ஒரு வாடகைக் கார் பேசியிருந்தேன். ஓட்டுநர் அந்தோணி ஐம்பது வயதுக்காரர். முன்பு காய்கறி லோடு வண்டி ஓட்டியவர். முதுகு வலி வந்தபின் காருக்கு மாறியிருந்தார். சுற்றுப்பட்டுத் தோட்டங்களெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் என்னை டவுன் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு அழைத்துப்போனார். விவசாயிகள் கொண்டு வரும் காயை ஏலம் விட்டுக் கொடுக்கும் கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த அதன் முதலாளி, என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். முருங்கைக்காய் இத்தனை அங்குல நீளம், இத்தனை பருமன், வளைவு கூடாது என்று எங்கள் அலுவலகம் அடித்துக் கொடுத்த தாள். முருங்கை மரத்துக்கு இதை யாரு படிச்சுக் காட்டுறது என்று கேட்டுவிட்டு, தாளை மரியாதையாக மடித்துக் கொடுத்தார்.

நேராகத் தோட்டத்துக்கே போகிறேன் என்றதும் அவர் கோபப்படவில்லை. "தாராளமாப் போங்க. அவங்க ஒங்ககிட்ட வெல பேச மாட்டாங்க, சோத்தப் போடுவாங்க. அங்கதான் எல்லாம் முடியும்" என்றார். வயிற்றெரிச்சலில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நெய்க்காரப்பட்டி. ஒட்டன்சத்திரம், பழனி தாண்டிப் போக வேண்டும். காற்றாடி இல்லாத அறையில் உட்கார்ந்த மாதிரி ஒரு வெயில். காரின் ஏசி பழனி வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் ஜன்னலை இறக்கிவிட்டு, ரோட்டின் புழுதியோடு போனோம். தென்னை வர வர, பேச்சும் மாறிக்கொண்டே வந்தது. வழி கேட்ட இடத்தில் எல்லோரும் 'ங்க' போட்டார்கள். சென்னையில் யாராவது இவ்வளவு மரியாதையாகப் பேசினால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அலுவலகத்தில் கொடுத்திருந்த பெயர் குப்புசாமி. தென்னையும் முருங்கையும் வைத்திருந்தார். தோட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். எல்லாம் பேசி, கிட்டத்தட்ட முடிந்த மாதிரி இருந்தபோது, "ஏனுங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போட்டு மீதியப் பேசிக்கலாமுங்க" என்றார். விதியைச் சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாங்கள் என்ன லஞ்சமா கொடுக்கிறோம் என்று ஆட்கள் முகம் சிவந்ததுதான் மிச்சம். அதனால் எனக்குப் பழக்கமான ஒரு பொய் உண்டு, வயிறு சரியில்லை. அதையே சொன்னேன். இளநீர் வெட்டச் சொன்னார். அதையும் வேண்டாம் என்று கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அந்தோணி மட்டும் வாழை இலை முன்னால் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் காரில் பிஸ்கட் கடித்தேன்.

திரும்பும் வழியில் அந்தோணி கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, ஹார்ன் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் குப்புசாமியிடமிருந்து போன் வந்தது. "இந்த வட்டம் தோதுப்படாதுங்க அம்மணி, மனசுல வெச்சுக்காதீங்க." இந்த முறை ஏன் வேண்டாம் என்று கேட்டதற்குச் சிரித்தார். ஆக மிச்சமிருந்தது எரியோடு என்ற ஊர் ஒன்றுதான். அந்தோணி லோடு வண்டி ஓட்டிய காலத்தில் காய் ஏற்றிய தோட்டம். பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து முருங்கை போட்டிருக்கிறார்கள், முருகேஸ்வரி என்ற பெண்தான் எல்லோருக்கும் பேசுகிறவர் என்றார். நான் வருவதாக அவர்களுக்கு அவரே போன் செய்து சொல்லிவைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அந்தோணியின் தங்கை மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று வீரமாகச் சொன்னேன்.

பஸ் நன்றாகத்தான் கிளம்பியது. கண்டக்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று காசு போடாத சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். பயணச் செலவுக்குக் கணக்குக் காட்ட அதையும் பத்திரப்படுத்தினேன். பாதி வழியில் முன்பக்கமிருந்து ஆவி பறக்க, டிரைவர் ஓரம் கட்டி இறங்கினார். குடத்தோடு தண்ணீர் தேடிப் போன கண்டக்டர் போனவர்தான். எல்லோரும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். சென்னையாக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே பூ விற்றுத் திரும்பிய ஒரு அம்மாள் காலிக் கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கப் போனார். தூங்குவதற்கு முன், யார் வீட்டுக்குப் போகிறாய் என்று என்னைக் கேட்டார். எதற்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. முருகேஸ்வரி வீட்டுக்கு என்றேன். "அப்பச் சரி" என்று மடியிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார். அவர் எனக்கு எதையும் விற்கப் போவதில்லை என்பதால் தைரியமாகத் தின்றேன். பின்னால் வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எரியோடு போய்ச் சேரும்போது மணி ஒன்று.

முருகேஸ்வரிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து என்னை எதிர்பார்த்து நின்றிருந்தார். கணவர் தங்கவேல் கும்பிட்டதோடு சரி, வாய் திறக்கவில்லை. மற்ற வீடுகளிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மரங்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு வலி மறந்துபோனது. அத்தனையும் நேர் காய்கள். எங்கள் அலுவலகத் தாளை யாரோ உண்மையாகவே படித்துக் காட்டியிருப்பார்களோ என்று தோன்றியது.

எதற்கும் அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் பறிப்பது, வாரம் இருமுறை வண்டி, பிளாஸ்டிக் கூடை, எல்லாவற்றுக்கும் சரி. வளைந்த காயை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். வீட்டில் குழம்பு வையுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பதினாறு வருடத்தில் இவ்வளவு லேசாக எனக்கு ஒரு பேச்சு முடிந்ததில்லை.

வீட்டுக்குள் போனபோது இலை போட்டிருந்தது. கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். அந்த வாசனை என் காலியான வயிற்றைப் பிடித்து உலுக்கியது. கை கழுவச் செம்பில் தண்ணீரை நீட்டினார் முருகேஸ்வரி. நான் இரண்டடி பின்வாங்கி, வயிறு சரியில்லை என்ற பாட்டைப் பாடினேன். ரசம் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

"செத்த நேரம் உக்காந்து மோராவது குடிங்க மேடம்."

அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். செம்பைக் கீழே வைத்தார். வந்திருந்தவர்கள், வேலை கிடக்கிறது என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாளைக்குக் காலையில் ஒப்பந்தத் தாளோடு வருகிறேன் என்றேன். "சரி மேடம், ஒங்க இஷ்டம்" என்றார் முருகேஸ்வரி. வாசல் வரை வந்து வழியனுப்பினார். குறை எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தபோது பசியில் கண் இருண்டது. பரோட்டாக் கடையில் நாலு மணிக்கே கல்லைப் போட்டிருந்தார்கள். மூன்று பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து, அக்கம்பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன். கை கழுவிய ஈரத்தோடு சென்னைக்குப் போன் செய்து, முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வண்டி அனுப்பலாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். வெரி குட் என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு லாட்ஜின் இரண்டு வேக மின்விசிறியின் கீழே அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. சாயங்கால ரயிலுக்கு முன் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். அந்தோணி புதுச் சட்டையோடு வந்திருந்தார். எரியோடு ரோட்டில் ஏறியதும், நேற்று என்ன சாப்பாடு போட்டார்கள் என்று ஆசையாகக் கேட்டார். கோழிக் குழம்பு, ஆனால் வழக்கம்போல வயிற்றைச் சொல்லித் தப்பித்தேன் என்றேன். காரின் வேகம் குறைந்தது.

"மோருகூடக் குடிக்கலையா?"

இல்லை என்றேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"கை நனைக்காம எந்திரிச்சு வந்திருக்கீங்க. அப்ப வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டீங்க மேடம்."

நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, தாளோடு வருகிறேன் என்றுதானே சொன்னேன் என்றேன். அதற்கு அவர், பெண் பார்க்கப் போனவர்களும் போய்த் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றுதான் சொல்வார்கள், வாய்ப் பேச்சை இங்கே யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். பெண்ணுக்கு மட்டும் அல்ல, காடு வாங்கினாலும் மாடு பிடித்தாலும் அதே கதைதான். எங்கள் சென்னைப் பக்கம் பஜ்ஜியும் சொஜ்ஜியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தே அப்படி இரண்டு கூட்டம் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. சென்னையில் வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியும்?

நெய்க்காரப்பட்டியிலேயே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்களுக்கே அந்த ஆளப் புடிக்கலைன்னு நெனச்சேன் மேடம். அத நான் எப்பிடிக் கேக்குறது?" என்றார்.

முருகேஸ்வரி வீட்டு வாசலில் காய்க் காம்புகள் சிதறிக் கிடந்தன. மரங்கள் மொட்டையாக நின்றன. விடியற்காலையிலேயே பறித்து அனுப்பிவிட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. முருகேஸ்வரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாங்க என்றார். அடுத்து அவர் கேட்டது, வயிறு எப்படி இருக்கிறது என்று. இப்போது பரவாயில்லை என்றேன்.

"நேத்தே நல்லாத்தான் இருந்துச்சாம்ல. பஸ் ஸ்டாண்டுல பரோட்டா சாப்ட்டீங்கன்னு எங்க கொழுந்தன் சொன்னாரு."

அதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை. முந்திரி டப்பாவில் ஆரம்பித்து, விதி, படிவம், பதினாறு வருடம், ஆட்டம் காணும் என் நாற்காலி, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். 

"இத நேத்தே சொல்லிருக்கலாம்ல மேடம். எங்க அடுப்புல பொங்குனது ஒங்களுக்கு ஆகாது போலன்னு நெனச்சுட்டேன். படுத்தும் தூக்கம் புடிக்கல, அதேதான் ஓடுச்சு."

வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் நான் கலங்குகிற ஆள் இல்லை. என்னை நேர்மையானவள் என்று காட்டிக்கொண்டே இருந்த ஒரு பழக்கம், ஒரு பெண்ணை இரவெல்லாம் இப்படி நினைக்க வைத்திருக்கிறது. அந்தப் பொய்யை நான் எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

நேற்று நான் போன பிறகு, டவுன் கமிஷன் கடைக்காரருக்கு முருகேஸ்வரியே போன் செய்திருக்கிறார். சென்னைக்காரர்களுக்கு நம் காய் பிடிக்கவில்லை போல என்று. நெற்றிக் கண்ணாடிக்காரர் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். எனக்குப் போட்ட இடத்தில் அவருக்கு இலை போட்டிருக்கிறார்கள். என் கோழிக் குழம்பை அவர்தான் சாப்பிட்டிருக்கிறார். இந்தக் காய்ப்பு முழுக்க அவருக்கே என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கெஞ்சிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முருகேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். கொடுத்த வாக்கை மாற்றச் சொல்லி அவரிடம் கேட்பது இன்னொரு அவமரியாதையாக இருக்கும்.

வேலியோரம் போய் அதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, நீங்கள் முதலில் கிளம்பி வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார். பேசிக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். செங்குன்றத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது.

திரும்பி வந்தேன். மணி பன்னிரண்டரை. காலையிலிருந்து ஒரு டீயோடு நிற்கிறேன். முருகேஸ்வரி இனி எனக்கு விற்பவர் இல்லை, நான் அவரிடம் வாங்குகிறவளும் இல்லை. எங்களுக்கு நடுவில் பேச வேண்டிய வியாபாரம் ஏதும் மிச்சமில்லை. அது புத்தியில் உறைத்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"சாப்பாடு இருக்கா?" என்றேன்.

முருகேஸ்வரி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோழி தீர்ந்துவிட்டது, நேற்று வைத்த முருங்கைக்காய்க் குழம்புதான் இருக்கிறது, அதுவும் வளைந்த காய் போட்டது என்றார். அதையே போடச் சொன்னேன். செம்புத் தண்ணீரை அவர் ஊற்ற, முற்றத்தில் குனிந்து கை கழுவினேன். வாசலில் நின்ற அந்தோணியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

குழம்பு ஒரு நாள் ஊறி, காய்க்குள் இறங்கியிருந்தது. சென்னையில் நான் வாங்கி அடுக்கும் காய் கடைக்கு வருவதற்குள் மூன்று நாள் பழசு. அதைச் சமைத்துச் சாப்பிட்டு முருங்கைக்காய் என்றால் இதுதான் என்று நம்பியிருந்தேன். சக்கையைக் கடித்துத் துப்பும்போது, இந்த ஒரு வருடமாக எதை வைத்துக் காய் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன் என்று வியப்பாக இருந்தது. போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தேன்.

"கைய எடுங்கக்கா. இதுக்குப் போயி" என்று விரல்களுக்கு மேலேயே சோற்றைப் போட்டார். அதுவரை நான் மேடமாக இருந்தேன்.

மோர் குடித்து எழுந்து கை கழுவி வந்தேன். முருகேஸ்வரி துண்டை நீட்டியபடி, "அப்ப ஆடி கழிஞ்சு வர்ற காய்ப்பு ஒங்களுக்குத்தான்க்கா. கை நனைச்சுட்டீங்க" என்றார். நான் தங்கவேலைப் பார்த்தேன். இரண்டு நாளாக வாய் திறக்காத மனிதர், பதினோரு வீட்டுக்கும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

ஆடி கழியும்போது அந்த நாற்காலியில் நான் இருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வளைந்த காய்களாகப் பார்த்து ஒரு பையில் திணித்து அந்தோணியிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கணும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எரியோட்டுக் காய் என்று சொல்லணும் என்று சொல்லிக்கொண்டே காருக்கு வந்தார் முருகேஸ்வரி. என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம். மலைக்கோட்டைப் பாறை கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு நின்றுகொண்டது. காலடியில் முருங்கைக்காய்ப் பை. செல்போனில் அந்தப் படிவம் மூன்றாவது முறையாக வந்திருந்தது, இன்றே கடைசி நாள் என்று. விற்பவர் யாரிடமாவது பரிசோ உணவோ பெற்றீர்களா? 'இல்லை' என்ற கட்டத்துக்கு என் விரல் பழக்கத்தில் தானாகப் போனது. பொய்யும் ஆகாது. நான் சாப்பிட்டபோது முருகேஸ்வரி எனக்கு எதையும் விற்கிறவர் இல்லை.

ஆனால் கை கழுவி எழுந்தபோது அவர் விற்பவர். பதினோரு வீட்டுக்கும் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். ஆடி கழிந்து அந்த நாற்காலியில் யார் இருந்தாலும், காய் பறித்து வைத்துக்கொண்டு எங்கள் வண்டிக்காக அந்த ரோட்டில் நிற்பார்கள். நான் போன பிறகு அலுவலகத்தில் அவர்களை யாருக்கும் தெரியாது. அவர்கள் பெயர் ஒரு தாளிலாவது இருக்க வேண்டும். என்னிடம் இருந்த தாள் இது ஒன்றுதான்.

'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டேன். விவரம் கேட்டது. சோறு, நேற்று வைத்த முருங்கைக்காய்க் குழம்பு, மோர், வளைந்த காய் ஒரு பை என்று எழுதினேன். விற்பவர் பெயர் என்ற இடத்தில், முருகேஸ்வரி, எரியோடு என்று எழுதி அனுப்பினேன்.